ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கா

கதையில் மழை பெய்தால் அது வெறும் மழை இல்லை என்று சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற தொழில் என்னுடையது. தேனியில், தபால் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கு ஞாயிறுதோறும் நேர்முக வகுப்பு நடக்கும். என் தலையில் கட்டியது நவீன அமெரிக்க நாவல். மாணவர்களில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். ஆறு நாள் வேலை பார்த்துவிட்டு ஏழாம் நாள் அமெரிக்காவுக்கு வருகிறவர்கள். நீங்களும் இப்படி வகுப்பெடுத்து அவஸ்தைப்பட்டிருந்தால் இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

பனி

முதல் நாவலில் அப்பாவின் சாவு. புதைக்கிற நாளில் ஊர் முழுக்கப் பனி கொட்டிக் கிடக்கிறது. பனி எல்லாவற்றையும் மூடுகிறது, சத்தத்தை அமுக்குகிறது, ஆகவே அது மரணத்தின் குறியீடு என்று ஒரு மணி நேரம் பேசினேன். கரும்பலகையில் படம்கூடப் போட்டேன். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

முன் பெஞ்சில் ராஜாங்கம். கோம்பைக்காரர். ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறார். நான் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். புரிந்ததா என்று கேட்டேன். பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்:

"சாவு நல்லாப் புரிஞ்சுச்சு மேடம். பனிதான் புரியல."

எல்லாமே குறியீடு

புரியாவிட்டாலும் தொற்றிக்கொண்டது. அடுத்து வந்த கட்டுரைகளில் காப்பிக் கோப்பை தனிமையின் குறியீடு, கார் அமெரிக்கக் கனவின் குறியீடு, கார் பஞ்சர் ஆனால் கனவு பஞ்சரானதன் குறியீடு. கதாநாயகன் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாததற்கு ஒருவர் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். வேட்டை நாய்க்குப் பேர்போன கோம்பையில் பிறந்தவர் நாயை விடுவாரா? கதையில் ஒரே ஒரு தடவை குரைத்துவிட்டுப் போகும் நாயை ராஜாங்கம் கதாநாயகனின் மனசாட்சி ஆக்கிவிட்டார்.

ஆசிரியர் அறையில் பக்கத்து மேஜை, நாடகப் பாடம் எடுக்கும் வரதன் சாருடையது. ஓய்வு பெறப்போகிறவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். நாலு கட்டுரைகளை வாங்கிப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் சரிம்மா, கதையில ஆளுக யாரும் இருக்காகளா?"

மழைக்கு ஒதுங்கியவர்

சுமதிக்கு ஊர் கெங்குவார்பட்டி. பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு தபாலில் பி.ஏ. முடித்தாள். ஒரு தனியார் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர், எம்.ஏ. இருந்தால் பெரிய வகுப்பு தருவார்கள். மற்ற தாளெல்லாம் தேறிவிட்டாள். அமெரிக்கா மட்டும் இரண்டு முறை கவிழ்த்துவிட்டது. ஞாயிறுதோறும் கணவர் பாண்டி வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை வெளியே வேப்ப மரத்தடியில் இருப்பார்.

ஒரு நாள் சூறைக்காற்றோடு கோடை மழை. "மேடம், அவுக நனையிறாக. உள்ள வந்து உக்காரட்டுமா?" என்றாள் சுமதி. வந்தார். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அன்றைக்கு நடத்திய நாவலில், புழுதி வருகிறதென்று கணவன் வீட்டு ஜன்னலையெல்லாம் ஆணியடித்து மூடிவிடுகிறான். வருஷக்கணக்கில் அதற்குள் இருந்த மனைவி, கடைசியில் ஒரு ஜன்னலை உடைத்துத் திறந்துவிட்டு ரயில் நிலையத்தைப் பார்க்க நடக்கிறாள். ஜன்னல் அவள் திருமணம், ரயில் அவள் விடுதலை என்று ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாண்டி எழுந்து நின்றார்.

"டீச்சர், அந்தப் பொம்பளை திரும்பி வந்துச்சா, வரலையா?"

நாவலாசிரியர் அதைச் சொல்லவில்லை, வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அதைச் சொல்லாம எப்படி முடிக்கலாம்?"

காலி இடம்

அடுத்த ஞாயிறு சுமதி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. ஒரு மனிதரை மழைக்கு உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, பெண்டாட்டி வீட்டை விட்டுப் போவதுதான் விடுதலை என்று அவர் முகத்துக்கு நேராக முழங்கியிருக்கிறேன். இனி அவளை அனுப்புவாரா? தேர்வோ நெருங்கிவிட்டது. வரதன் சாரிடம் புலம்பினேன். டீயை நிதானமாக உறிஞ்சிவிட்டுச் சொன்னார்:

"நாடகம் நடத்தி நான் ஒரு குடும்பத்தையும் பிரிச்சதில்லைம்மா."

வாழைத் தோட்டத்தில் ஒரு வகுப்பு

பிறகொரு ஞாயிறு, வகுப்புக்கு ரொம்ப முன்னாலேயே இருவரும் வந்து நின்றார்கள். அந்த மழை நாளில் அடித்த சூறைக்காற்றில் அவர்களுடைய வாழை பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டதாம். குலை தள்ளிய மரங்கள். தேறின காயை வெட்டி ஏற்றவும், மிச்சத்துக்கு முட்டுக் கொடுக்கவும் இருவரும் தோட்டத்திலேயே கிடந்திருக்கிறார்கள். இந்த வருஷம் பரீட்சை வேண்டாம் என்று சுமதிதான் சொல்லியிருக்கிறாள். பாண்டி ஒத்துக்கொள்ளவில்லை. காய் வெட்டுகிற நேரத்தில் அந்த ஜன்னல் கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஒரு தடவை இல்லை, பல தடவை.

"எனக்கு அந்த வீட்டுக்காரன் மேலதான் கோவம் டீச்சர்" என்றார் பாண்டி. "புழுதி வருதுன்னு அடைச்ச, சரி. உள்ள இருக்கவளுக்கு மூச்சு முட்டுதான்னு ஒரு நாளாச்சும் கேட்டியா?"

நான் சுமதியைப் பார்த்தேன். வெயிலில் கறுத்துப்போயிருந்தாள், வாழைக்கறை விரலை விட்டுப் போகவில்லை. ஆனால் சிரித்தாள்.

"இவுகளும் இப்பத்தான் மேடம் கேக்க ஆரம்பிச்சிருக்காக."

போன்

வழக்கமாக சுமதி நோட்ஸை உருப்போட்டு எழுதுகிறவள். வினாத்தாளில் அந்த நாவல்தான் வந்தது. தோட்டத்தில் சொல்லிச் சொல்லிக் கதை அவளுடையதாகிவிட்டது; நோட்ஸில் இல்லாததையெல்லாம் எழுதினேன் மேடம், பயமாக இருக்கிறது என்று வந்து சொன்னாள். முடிவு வந்த அன்று மத்தியானம் அவள் எண்ணிலிருந்து அழைப்பு. மறுமுனையில் அழுகைதான் கேட்டது. பிறகு பாண்டி போனை வாங்கினார்.

"பாஸாயிட்டா டீச்சர்! சந்தோசத்துல பேச்சு வரல அவளுக்கு. பெரிய வகுப்புக் கேட்டு நாளைக்கே பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் குடுக்கப் போறோம்."

வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறவர்களுக்குத்தான் பாடம் நடத்துகிறோம் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் நம்புகிற ஒரு கற்பனைக் கதை.