தங்கமுத்துவின் கல்மூங்கில் கம்பு

நத்தம் ரோட்டில் குடியிருந்த தங்கமுத்துவுக்குப் பூட்டுப் பட்டறையில் அரம் போடுகிற வேலை. பகல் முழுக்கக் குனிந்தே கிடக்கிற மனுசன், சாயங்காலம் கம்பைக் கையில் எடுத்தால்தான் முழு உயரத்துக்கு நிமிர்கிறார் என்று அவருடைய மாமியார் ஒச்சம்மாள் சொல்வாள். பாராட்டாகச் சொல்வதில்லை.

அது சிறுமலையில் வெட்டிய கல்மூங்கில். கல்யாணமான வருசம் கொண்டுவந்தது. கண்மாய்ச் சேற்றில் ஊறப்போட்டு, தணலில் வாட்டிக் கோணல் எடுத்து, தன் நெற்றி உயரத்துக்கு அறுத்து, பிடிக்கிற பக்கத்தில் தானே செம்புப் பூண் அடித்துப் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் நல்லெண்ணெய் தேய்த்துத் தேய்த்து அது தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. சிலம்பம் ஆட எடுக்கும்போது தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதை யாரும் தாண்டக் கூடாது, தொடக் கூடாது. மனைவி அய்யம்மாள் வீடு கூட்டும்போதுகூடக் கம்பு சாத்தியிருக்கிற மூலையை அப்படியே விட்டுவிடுவாள்.

மகள் வீட்டோடு வந்துவிட்ட ஒச்சம்மாளுக்குத்தான் பொறுக்காது.

"எம் மக தலையில எண்ணெ பட்டு எம்புட்டு நாளாச்சு. இங்க குச்சிக்கு எண்ணெக் குளியல் நடக்குது."

"அத்தே, அது குச்சி இல்ல. கம்பு."

"பேரு வச்சாச்சாக்கும். காதுகுத்து எப்ப?"

தங்கமுத்து எண்ணெய்த் துணியை மடித்து வைப்பார். மாசித் திருவிழா ஆட்டத்தில் அந்தக் கம்போடு இறங்கினால் எதிரே நிற்பவனுக்கு முதலில் கம்புதான் கண்ணில் படும், ஆள் அப்புறம்தான். அந்தப் பெருமை அவருக்குப் போதும்.

அறுபத்தொன்றாம் வருசம் ஐப்பசி அடைமழையில் ஒரு காலையில் ஒச்சம்மாள் காப்பித் தம்ளரைக் கையில் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தாள். மைத்துனன் ரயிலில் வந்து இறங்குவான் என்று தங்கமுத்து ஸ்டேஷனுக்கு ஓடினார். ரயில் தாமதம். அவனை அழைத்துக்கொண்டு திரும்பும்போது பொழுது சாயப் பார்த்தது. வாசலில் பாடை தயாராக இருந்தது.

கும்பிடப் போனவர் குனிந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

நீளவாட்டில் இரண்டும் பச்சை மூங்கில். குறுக்கே கட்டியிருந்த கட்டைகளில் மூன்று மட்டும் தேன் நிறம். கால்மாட்டில் கிடந்ததன் முனையில் செம்புப் பூண் மழைத்தண்ணீரில் பளபளத்தது.

வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். மூலை வெறுமையாக இருந்தது. பாடை கட்டிய பொம்மையன், கூட நின்று கம்பு பழகிய சிநேகிதன், கயிற்றுச் சுருளோடு பக்கத்தில் வந்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் தொடமாட்டேன்னுதான் சொன்னேன் மாப்ள. உம் பொண்டாட்டிதான் கொண்டாந்து போட்டுச்சு. வெட்டுனா அருவா எகிறுதுன்னேன். உன் பட்டறை ரம்பத்தையும் எடுத்துக் குடுத்துருச்சு."

தங்கமுத்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பொலபொலவென்று கண்ணீர்தான் வந்தது. எழவு வீட்டு வாசலில் ஒரு மூங்கிலுக்காக அழுகிறோம் என்பது தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

ஒப்பாரி வைத்த பெண்களில் ஒருத்தி மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "பெத்த மகன்கூட இப்படி அழுகலையே! மருமகன்னா இவரில்ல மருமகன்!"

"ஒச்சம்மா குடுத்துவச்சவ" என்றாள் இன்னொருத்தி.

அய்யம்மாள் மட்டும் அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

தூக்கினார்கள். ஒச்சம்மாள் கனத்த சரீரம். கால்மாட்டில் தோள் கொடுத்த தங்கமுத்துவின் கன்னத்தருகே பூண் இருந்தது. மாலையும் ஊதுவத்தியும் மணந்ததற்கு நடுவே நல்லெண்ணெய் வாசம் தனியாக வந்தது. சுடுகாட்டில் கயிற்றை அறுத்துக் கட்டைகளைச் சிதையில் போட்டார்கள். ஈர விறகு புகைந்துகொண்டிருக்க, அந்த மூன்று துண்டும் குப்பென்று பிடித்துக்கொண்டன. "இது யாரு வீட்டுக் கட்டையப்பு? என்னமா எரியுது!" என்று வெட்டியான் வியந்தான். பொம்மையன் அவனை அதட்டி அந்தப் பக்கம் அனுப்பினான்.

குளித்துவிட்டு வீடு வந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து சோறும் வெஞ்சனமும் வந்திருந்தன. உறவுக்காரர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு அய்யம்மாள் அவருக்கு இலை போட்டாள். அவர் உட்காராமல் கேட்டார்.

"ஏன்டி குடுத்தே?"

"பொம்மையண்ணன் கொண்டாந்தது பிஞ்சு மூங்கிலு. அம்மாவத் தூக்கி வச்சுப் பாத்தாக. குறுக்கால மூணு கட்டை படார்னு ஒடிஞ்சு அம்மா கீழ சரிஞ்சுட்டாக." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "நாலு பேரு பாக்க நடுரோட்டுல விழுந்துட்டா? மழையில கடையுமில்ல. இந்த வீட்டுல ஒடியாத பண்டம்னு எனக்கு வேற எது தெரியும்?"

"நான் வார வரைக்கும் செத்த நேரம் பொறுக்கக் கூடாதா?"

"பொறுத்திருக்கலாம்."

சோற்றை இலையில் வைத்தாள். வெஞ்சனத்தை ஓரமாக வைத்தாள். அப்புறம் அவரை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பீகளா?"

ஏன் குடுக்கமாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தார். ஒச்சம்மாள் வாசல் சேற்றில் சரிந்து கிடப்பதை மனசுக்குள் கொண்டுவந்து பார்த்தார். பக்கத்தில் கம்போடு தன்னை நிறுத்திப் பார்த்தார். அந்தக் கை நீளவேயில்லை.

"மாட்டேன்" என்றார்.

தன் குரல்தானா என்று அவருக்கே திக்கென்றது.

"அதான் கேக்கல" என்று சொல்லிவிட்டு அய்யம்மாள் குழம்பை ஊற்றினாள்.