நாடி என்னுடையது, பதில் அவருடையது

ஒற்றைத் தலைவலியும் நெஞ்செரிச்சலும் சேர்ந்து என்னைப் பாடாய்ப்படுத்திய வருடம் அது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். எங்கள் பிரியாணிக் கடைக்கு வரும் யாரோ சொன்னார்கள் என்று, என் கணவர் என்னைத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அக்குபஞ்சர் வைத்தியரிடம் கூட்டிப்போனார். சீன வைத்தியம், மாத்திரை கிடையாது.

வைத்தியர் என் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். உடம்பில் மரம், நெருப்பு, நிலம், உலோகம், நீர் என்று ஐந்து சக்தி ஓடுகிறதாம். எனக்குக் கல்லீரலின் மரச் சக்தி தேங்கிப்போய், வயிற்றின் நிலச் சக்தியை அமுக்குகிறதாம். கோபத்தை விழுங்கினால் அப்படித் தேங்கும் என்றார். என்னைப் பற்றி யாரும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. பாவி மனுஷர், அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கோபம் வருமா என்று கேட்டுவிட்டார். பெண்ணைக் கேட்டால் கூட வந்த ஆண் பதில் சொல்வதுதான் எங்கள் வீட்டில் மரியாதை.

“அவளுக்குக் கோபமே வராதுங்க. தங்கம்,” என்றார் என் கணவர்.

தூக்கம்? நன்றாகத் தூங்குவாள் என்றார். படுத்ததும் குறட்டை விடுகிறவருக்கு அது எப்படித் தெரியும்? பசிக்கும் தாகத்துக்கும்கூட அவரிடமே பதில் இருந்தது. வைத்தியரும் விரல் சொன்னதை விட்டுவிட்டுக் காதில் விழுந்ததை எடுத்துக்கொண்டார். அப்படியென்றால் இது பயம், நீர்ச் சக்திக் குறைவு என்று கணுக்கால் பக்கம் ஒரு புள்ளியை ஊசியில்லாமல் விரலால் தொட்டு அனுப்பினார்.

வாரம் தவறாமல் போனோம். எனக்குத் தலை பிளந்தது. இப்போது தேவலை என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. “என்னங்க, செத்த நேரம் வெளிய உக்காந்திருங்க,” என்றேன். அவர் வைத்தியரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செல்போனை எடுத்துக்கொண்டு போனார்.

வைத்தியர் மறுபடி நாடியைப் பிடித்தார். என்ன சுவை பிடிக்கும் என்று கேட்டார். காரம்தான், காரம் குறைந்தால் அவருக்குச் சோறு இறங்காது என்றேன்.

“அவரக் கேக்கலம்மா. உங்களுக்கு?”

வீட்டில் ஆக்குவதை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். இனிப்பு பிள்ளைகளுக்கு, புளிப்பு மாமியாருக்கு. எனக்கு எது? மனுஷரை வெளியே அனுப்பிய பிறகும் அவருக்காகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

“தெரியலைங்க,” என்றேன். அந்த அறையில் நான் எனக்காகச் சொன்ன முதல் பதில் அது. இரண்டாவதையும் சொன்னேன்: “கோபம் வருமான்னு அன்னிக்குக் கேட்டீங்களே, வரும்ங்க. அம்புட்டுக் கோபம்.”