முப்பது என்று நான் சொன்னது

ஒரு பிரஷர் குக்கர் வாங்கணும்னாலும் மூணு வாரம் ரிவ்யூ படிக்கிற ஆள் நான். என் மனைவி இதைச் சொல்லிச் சிரிக்காத நாள் இல்லை. அதனால வேட்டைக்கு ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குற வேலையையும் என் தலையிலயே கட்டினா.

அவ இங்க சுகர் லேண்ட்னு ஒரு ஊர்ப் பக்கம் ஆஸ்பத்திரியில நர்ஸ். கூட வேலை பார்க்கிற ஒருத்தியோட சேர்ந்து வில் பழக ஆரம்பிச்சு, மான் வேட்டை லைசென்ஸ் வரைக்கும் வந்துட்டா. எனக்கு வில் சரிப்படலை, ரைஃபிள்தான். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் போதும்னு முடிவு பண்ணினோம். கண்ணுல வச்சுப் பட்டனை அமுக்கினா, எதிர்ல நிக்கிறது எவ்வளவு தூரம்னு லேசர் சொல்லிடும். ஆயிரம் யார்டு வரைக்கும் பார்க்கிறதை வாங்குங்கன்னு கடைக்காரர் நச்சரிச்சார். நம்மள்ல எவன் ஆயிரத்துல சுடப் போறான்? வில்லுக்கு அறுபது, ரைஃபிளுக்கு இருநூறு. மேல இருந்து கீழ பார்த்தா சாய்வைக் கழிச்சுச் சொல்லணும், முன்னாடி இருக்கிற புல்லை விட்டுட்டு மானைப் பிடிக்கணும். அப்படி ஒண்ணைப் பாதி விலையில தேடிப் பிடிச்சுட்டு, பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் பீத்திக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் செட்டிங்ல போய் மீட்டர்னு மாத்தினேன். இருபது வருஷம் இந்த ஊர்ல கிடந்தும் யார்டுன்னா எனக்குப் பிடிபடாது, தூரம்னா மீட்டர்தான். அவ வில்லுல குறி பார்க்கிறதுக்குன்னு குண்டூசி மாதிரி இருக்கிற பின் ஒவ்வொண்ணும் இருபது யார்டு, முப்பது யார்டுன்னு யார்டுக்கு வச்சதுன்னு எனக்கு நல்லாவே தெரியும். ரெண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் இந்த மண்டைக்குத் தோணலை.

நவம்பர்ல அந்தத் தோழியோட பண்ணைக்குப் போனோம். சாயங்காலம் நாலு மணிக்கு, நாங்க மறைஞ்சு உக்காந்திருந்த தகரக் கூண்டுக்கு எதிர்ல ஒரு பெண் மான் வந்து நின்னுச்சு. "முப்பது"ன்னு அவ காதுல சொன்னேன். அவ முப்பது யார்டு பின்னை வச்சு அம்பை விட்டா. அது கீழ இறங்கி முன்னங்கால்ல பட்டுச்சு. மான் நொண்டிக்கிட்டே மெஸ்கீட் புதருக்குள்ள ஓடிடுச்சு. மெஸ்கீட்னா நம்ம சீமைக்கருவேலம் மாதிரிதான், உடம்பெல்லாம் கிழிச்சுடும். தோழியும் சேர்ந்து மூணு பேரும் ரத்தத்துளியைப் பார்த்துக்கிட்டே வேலி வரைக்கும் போனோம். அதுக்கு மேல தடம் இல்லை.

திரும்புற வழியில, ஃப்ரீவே ஏறுறதுக்கு முன்னாடி ஒரு கேஸ் ஸ்டேஷன்ல, நம்ம ஊர் பெட்ரோல் பங்க்தான், நிறுத்தினேன். அவ கார்லயே உக்காந்து அழுதா. தன் கை ஆடிடுச்சுன்னு திரும்பத் திரும்பச் சொன்னா. தண்ணி வாங்க வரிசையில நின்ன நான், பாக்கெட்ல இருந்த அந்தச் சனியனை எடுத்துக் கண்ணுல வச்சுச் சும்மா அமுக்கினேன். நம்பருக்குப் பக்கத்துல குட்டியா ஒரு எம். மீட்டர். முப்பது மீட்டர்னா முப்பத்துமூணு யார்டு. அந்த வித்தியாசத்துக்கு அவ அம்பு நாலஞ்சு விரக்கடை கீழ இறங்கும்.

கார்ல ஏறினதும் சொல்லியிருக்கணும். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம்னு நினைச்சேன், அப்புறம் நாளைக்குன்னு தள்ளிப் போட்டேன். அத்தனை பீத்தினவனுக்கு வெட்கம், வேற ஒண்ணும் இல்லை.

அவ வில்லை கராஜ்ல ஒரு மூலையில சாத்தி வச்சதைப் பார்த்துட்டும் சும்மாதான் இருந்தேன். வேட்டைக்கு அப்புறம் மூணாவது ஞாயித்துக்கிழமை, சர்ச்சுக்குப் போயிட்டு வந்து சாப்பிடும்போது ஒண்ணு சொன்னா. ஒரு பெரியவருக்குக் கையில டிரிப்ஸ் ஊசி போடப் போய், முடியாம இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டாளாம். நரம்பு கிடைக்கலைன்னா அந்த வார்டுல எல்லாரும் கூப்பிடுறது இவளைத்தான்.

மீட்டர் விஷயத்தைச் சொல்லிட்டேன். உன் கை ஆடவே இல்லை, தப்பாச் சொன்னது நான்தான்னேன். சத்தம் போடுவான்னு பார்த்தேன். போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"எப்ப தெரியும்?"

"அன்னிக்கே. கேஸ் ஸ்டேஷன்ல."

தட்டை நகர்த்தி வச்சா. "தெரிஞ்சதுக்கு அப்புறம்தான், கவலைப்படாதே, இன்னும் கொஞ்சம் பழகினா கை ஆடுறது நின்னுடும்னு சொன்னீங்களா?"

அப்படிச் சொன்னதே எனக்கு மறந்து போயிருந்துச்சு. அவதான் சொன்னா, மூணு வாரமா ஒவ்வொரு நாளும் வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, கையை நீட்டி ஆடுதான்னு பார்த்துட்டுத்தான் போனாளாம்.