பெறாத வரத்துக்கு நன்றி

எங்கள் மாதா கோயிலின் நவநாள் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் விதி தெளிவானது. மன்றாட்டுக் கடிதம் எப்போது வேண்டுமானாலும் போடலாம். நன்றிக் கடிதம் வரம் கிடைத்த பிறகுதான். இரண்டிலும் பெயர் எழுதக் கூடாது. அதைத் தட்டச்சு செய்து ஒட்டியவன் நான். ஓய்வு பெறும்வரை அரசாங்கக் கோப்புகளோடு வாழ்ந்தவனுக்குக் கோயிலில் வேறென்ன வேலை கொடுப்பார்கள்? புதன்கிழமை மாலை பெட்டியைத் திறந்து, கடிதங்களைப் பிரித்து, சிலவற்றை வழிபாட்டில் வாசிப்பேன்.

மன்றாட்டுகளை நான் சந்தேகித்ததில்லை. தேவை இருக்கிறது, கேட்கிறார்கள். நன்றிக் கடிதங்களைத்தான் இரண்டு முறை படிப்பேன். மகன் தேர்வில் தேறியதற்கு மாதாவுக்கு நன்றி சொல்பவர், டியூஷன் டீச்சருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா?

என் மனைவி இந்த நாட்டில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். பிறப்பைப் பதிய அவள் அப்பா டவுனுக்குப் போகவில்லை. அதனால் அறுபதைத் தாண்டியும் அடையாள அட்டை சிவப்பு ஐசிதான்; குடிமக்களுக்குத்தான் நீலம். குடியுரிமை இல்லை, ஓட்டும் இல்லை. தேர்தல் நாளில் நான் வாக்களிக்கப் பள்ளிக்கூடத்துக்குள் போவேன். அவள் கேட்டுக்கு வெளியே என் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். திரும்பி வந்ததும் மை வைத்த என் விரலைப் பிடித்துப் பார்ப்பாள்.

குடியுரிமை மனுக்களை நானேதான் எழுதினேன். ஓர் இணைப்பு குறையாது, ஒரு கையெழுத்து விடுபடாது. நினைவூட்டல் அனுப்பினால் 'பரிசீலனையில் உள்ளது' என்பார்கள். அவளோ ஒவ்வொரு புதனும் முதல் வரிசையில் நின்று, நன்றிப் பாட்டை மற்ற எல்லோரையும் விட உரக்கப் பாடுவாள். எதற்கு நன்றி என்று எனக்கு விளங்கியதில்லை.

ஒரு புதன்கிழமை, கணினியில் அடித்த கடிதம் ஒன்றை வாசித்தேன். "மாதாவே, எனக்கு நீல ஐசி வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி. இனி நானும் ஓட்டுப் போடுவேன்." வாசித்துக்கொண்டே நினைத்தேன்: நமக்குப் பின்னால் மனுப் போட்ட எவரோ முன்னால் வாங்கிவிட்டார். நிச்சயம் குறுக்கு வழிதான்.

வெளியே வந்ததும் பாடற்குழுக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அண்ணே, கங்கிராட்ஸ் லா! அக்காவுக்குக் கெடச்சிருச்சு, நீங்க மூச்சே விடல. எப்பக் கடைக்குக் கூட்டிட்டுப் போயி மக்கான் வாங்கித் தர்றீங்க?"

"எந்த அக்காவுக்கு?"

"நம்ம கோயில்ல செவப்பு ஐசி வேற யாருக்கு இருக்கு? நீங்களே படிச்சிட்டு என்னக் கேக்கறீங்க!"

சுங்கை பினாங் நெரிசலில் ஊர்ந்து எங்கள் பிளாட் இருக்கும் ஜெலுத்தோங் சேரும்வரை காரில் அந்தக் கடிதத்தின் வரிகளே மனதில் ஓடின. நீல ஐசி எடுத்துத் தருவதாகச் சொல்லும் ஏஜெண்டுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். போலி அட்டையோடு மாட்டினால் கையில் இருக்கும் சிவப்பும் போய்விடும். பிளாட்டில் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது கேட்டேன்.

"எந்த ஏஜெண்டுகிட்ட போன?"

"என்னங்க ஒளர்றீங்க?"

"அந்தக் கடுதாசிய யாரு அடிச்சுக் குடுத்தா?"

"கீழ் வீட்டு அக்கா. ஏன், எழுத்துப் பிழையா?"

"கெடைக்காததுக்கு என்ன நன்றி? பெட்டி மேல ரூல் ஒட்டியிருக்குல்ல?"

"அது நீங்க போட்ட ரூல். சாமி போட்டதா?" சிரித்தாள். "கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப் போச்சுங்க. அவரு குடுக்கறப்ப நான் இருப்பேனோ மாட்டேனோ. இப்பவே சொல்லி வச்சிட்டேன். நன்றி சொல்லக்கூட ரசீது காட்டணுமா?"

 ஆனாலும் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கைப்பையைத் திறந்தேன். ஓரம் தேய்ந்த சிவப்பு அட்டைதான் இருந்தது. பையை மூடி வைத்த பிறகு அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

சில மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. ஒரே பக்கம், மலாயில். மனு ஏற்கப்படவில்லை, காரணம் குறிப்பிடவில்லை. அந்த மாதிரி வாக்கியங்களை வேலையில் இருந்தபோது நானும் எத்தனையோ பேருக்கு அடித்து அனுப்பியிருக்கிறேன். படிப்பவரின் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டி வந்தது அன்றுதான்.

அவள் கடிதத்தை வாங்கித் தன் பெயர் இருந்த வரியை விரலால் தடவினாள். அழுதாள். பிறகு முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"கெளம்புங்க, நவநாளுக்கு நேரமாச்சு."

"இன்னைக்குமா?"

"இன்னைக்கு ஏன் கூடாது?"

முதல் வரிசையில் நின்று பாடினாள். இரண்டு இடங்களில் குரல் உடைந்தது. கடிதக் கட்டோடு பீடத்தருகே நின்ற நான், எப்போதும் உதட்டை மட்டும் அசைப்பவன், அந்த இரண்டு இடங்களிலும் அவளுக்காகச் சத்தமாகப் பாடினேன். நம்பிக்கை வந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். அவள் பாட்டு பாதியில் நிற்கக் கூடாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

சில வாரங்கள் கழித்துப் புதிய மனுவை நிரப்ப உட்கார்ந்தேன். முந்தைய மனுவுக்குப் பதில் கிடைத்த நாளைக் கேட்டிருந்தார்கள். "என்னைக்கு வந்துச்சு?" என்று அவளிடமே கேட்டேன், எனக்குத் தெரிந்திருந்தும். யோசிக்காமல் சொன்னாள்: பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை. இயேசு உயிர்த்த ஞாயிறுக்கு இன்னும் நாலே நாள் இருந்தது என்றும் சேர்த்துக்கொண்டாள்.