சோம்பேறிகள் என்று எழுதிய கட்டுரை

1

வரலாற்றைச் சிறப்புக் கற்கையாகப் படிக்க வேண்டுமானால் முதலாம் வருட முடிவில் ஆங்கிலத்தில் சித்தியடைய வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நான் மயிலிட்டியில் தமிழில் மட்டும் படித்து வந்தவள். அன்று ரோனியோவில் அச்சடித்துத் தந்த ஆங்கிலத் தாளில் எனக்குத் தெரிந்த சொற்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், இந்தத் தாளை வாசிக்காமல் விடுவதில்லை என்று வைராக்கியம் பிடித்தது.

நாளுக்கு ஒரு பந்தி. டிக்‌ஷனரி பார்த்து, பாடமாக்கி, சைக்கிளில் சுன்னாகம் தாண்டும்வரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போவேன். வெங்காய மூட்டைக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

2

சித்தியடைய ஒரு ஆங்கிலக் கட்டுரையும் எழுத வேண்டும். வெள்ளைக்காரர் காலத்து வடகரை மீன்பிடி பற்றி எழுதினேன். ஒரு பழைய துரையின் அறிக்கை நூலகத்தில் கிடைத்தது. அழகான ஆங்கிலம். வசனம் வசனமாக எடுத்துக் கோத்தேன்.

முதல் வரைவைப் பார்த்த ஆங்கில மிஸ் மகிழ்ந்துபோனார். “உம்மடை தாளிலை இண்டைக்குத்தான் சிவப்புக் கோடு இல்லை. இப்பிடியே வெள்ளிக்கிழமை குடும். பாஸ் பண்ணிவிடுவீர்.”

துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்போது யுத்தத்தால் கடலுக்குப் போகத் தடை. மாதக் கணக்கில் அண்ணனின் தோணி கரையில் கிடந்தது. அவர் முற்றத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“எங்கடை கடலைப் பற்றியோ எழுதினனீ? தமிழிலை சொல்லு, கேப்பம்.”

பெருமையோடு மொழிபெயர்த்தேன். இக்கரை மீனவர் இயல்பிலேயே சோம்பேறிகள். மார்கழி, தை மாதங்களில் தோணிகளைக் கரையேற்றிவிட்டுச் சும்மா இருப்பார்கள். அண்ணனின் கை நின்றுவிட்டது.

“எங்களைச் சோம்பேறியெண்டு நீயோ எழுதினனீ?”

“நான் இல்லை அண்ணை. அந்தத் துரை சொன்னது.”

“தாளிலை உன்ரை பேர்தானே கிடக்கு.” வலையைக் கீழே வைத்தார். “மார்கழி வாடைக்காத்துக்கை தோணி இறக்கினால் ஆள் திரும்பி வராது. வலை பொத்துறது, தோணி திருத்துறது, உதெல்லாம் வேலையில்லையோ? துரை ஆரையும் கேட்டவரோ?”

முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வாடை எனக்கும் தெரியும். அந்தக் காற்றில்தான் வளர்ந்தேன். ஆங்கிலத்தில் இருந்ததால் நம்பிவிட்டேன்.

3

வெள்ளிக்கு மூன்று நாள் இருந்தது. துரையை மறுத்து எழுத உட்கார்ந்தால், பாடமாக்கிய வசனங்களில் ஒன்றுகூட உதவவில்லை. ஒரு அறிஞர் இன்னொருவரை எப்படி மறுக்கிறார் என்று நூலகத்தில் புத்தகம் புத்தகமாகத் தேடினேன். ‘ஹவெவர்’, அதாவது ‘ஆனால்’, என்று தொடங்கிய ஒவ்வொரு வசனத்தையும் கொப்பியில் எழுதினேன். பிறகு என் வசனங்களைக் கட்டினேன். நொண்டி வசனங்கள்தான்.

மிஸ் வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “பிழையள் கூடிப்போச்சு. பெயிலாப் போகவும் கூடும். பழையதைத் தாரும்.”

“இல்லை மிஸ். இதைத்தான் தருவன்.”

சிறப்புக் கற்கை கையை விட்டுப் போனால் என்ன செய்வேன் என்ற பயம் இருந்தது. ஆனாலும் தாளைத் திருப்பி வாங்கவில்லை.

அவர் மறுபடி வாசித்தார். “சரி. இந்த வாடைக் கதை ஆர் சொன்னது? ஆதாரம் வேணும்.”

“என்ரை அண்ணை.”

“அப்ப அவரைப் போடும். துரைக்குப் போட்ட மாதிரியே, அடிக்குறிப்பிலை.”

4

மயிரிழையில் சித்தியடைந்தேன். தாள் முழுக்கச் சிவப்புக் கோடு. பின்னர் நான் வரலாறு படிப்பித்த காலமெல்லாம் பிள்ளைகளிடம் முதலில் கேட்டது, இதை எழுதியவர் யாரைக் கேட்டு எழுதினார் என்பதைத்தான். அந்தக் கேள்வியை எனக்குத் தந்தது எந்த ஆங்கிலப் புத்தகமும் அல்ல.

மிஸ் திருத்தித் தந்த அன்றே கட்டுரையை அண்ணனிடம் காட்டினேன். துரையின் பெயருக்குக் கீழே, அடுத்த இலக்கத்தில், அண்ணனின் பெயர். அவருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. நான் விரல் வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேருக்குப் பக்கத்திலை என்ன கிடக்கு?”

“தொழில், அண்ணை.”

“என்னெண்டு போட்டனீ?”

“கடற்றொழில் எண்டு.”

அவர் கரையில் கிடந்த தோணியை ஒருமுறை பார்த்தார்.

“ஓம்,” என்றார். “அது சரி.”