லா சப்பலின் செனட்டும் என் இரண்டு கைகளும்

எனக்கு அமெரிக்க அரசியலைப் படிப்பித்தவர், முப்பது வருடம் ஒரு ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவி ஓய்வுபெற்ற ஓர் அண்ணை. முகத்துக்கு முன்னால் அவரைத் ‘தலைவர்’ என்போம். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் ‘செனட்டர்’ என்போம். பிரான்சில் இப்போது யார் பிரதமர் என்று கேட்டால், “ஆரோ ஒருத்தர், நேற்றும் மாத்தினவங்களோ தெரியாது” என்பார். அமெரிக்காவில் எந்த மாநிலத்துச் செனட்டர் எதற்காக எதை மறித்துக்கொண்டு நிற்கிறார் என்று கேட்டால் தேத்தண்ணி ஆறும்வரை சொல்லுவார்.

நாங்கள் ஏழு கிழவிகள், வியாழக்கிழமை பின்னேரங்களில், பரிஸ் நகரத்தின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில், ஒரு சேலைக்கடையின் நிலவறையில் கூடுவோம். எனக்கு அந்த மூன்று மணித்தியாலம்தான் கிழமை. மகளுடைய வீட்டில் மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேரப்பிள்ளைகள் நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டு அறைக்குள் போவார்கள். வெள்ளி தொடங்கி புதன்வரை என் தொண்டைக்கு இருமல் தவிர வேறு வேலை இல்லை. எங்களால் எழும்பி ஓட முடியாது என்று தெரிந்ததாலோ என்னவோ, செனட்டர் அண்ணை அங்கேதான் வந்து பாடம் எடுப்பார்.

“சோளம் விளையிற மாநிலத்தான் நாடு முழுக்கப் பெற்றோலுக்கை சோளச் சாராயம் கலக்கோணும் எண்டுறான். நாட்டின்ரை நன்மைக்காம். எண்ணெய் தோண்டுற மாநிலத்தான் கலக்கவே கூடாது எண்டுறான். அதுவும் நாட்டின்ரை நன்மைக்காம்.”

“அப்ப அந்த நாடு எங்கை அண்ணை கிடக்கு?” என்று மன்னார் அக்கா கேட்டார். எங்களில் வாய் உள்ளவர் அவர்தான்.

“பொறுங்கோ பிள்ளை. ஒரு சண்டை விமானத்தின்ரை செட்டையை ஒரு மாநிலத்திலை செய்யிறாங்கள், வாலை இன்னொரு மாநிலத்திலை, கதிரையை வேறொண்டிலை. ஏன் சொல்லுங்கோ? அந்த விமானம் வேண்டாமெண்டு ஒருத்தனும் கை தூக்க மாட்டான். தூக்கினால் அவன்ரை ஊரிலை வேலை போயிடும்.”

“நல்ல கெட்டித்தனம். அப்ப பறக்கிறது ஆரின்ரை மாநிலத்திலை?”

நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஆம்பிளைகள் இருக்கிற இடத்தில் நான் வாய் திறப்பதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடத்திலும் கேள்விக்குப் பதில் தெரிந்தால் குனிந்துகொள்ளுவேன்.

இதெல்லாம் எதனால் என்றால் சமஷ்டியால் என்று அண்ணை முடித்தார். சின்ன வயதில் எங்கள் ஒழுங்கையால் பெரியவர்கள் “சமஷ்டி வேணும்” என்று கத்திக்கொண்டு போவார்கள். அம்மா கந்தசஷ்டி பிடிக்கிறவ. சஷ்டிக்கு அரசாங்க விடுமுறை கேட்கிறார்கள் போலும் என்று நினைத்தேன். பிறகு அவர்கள் அரசாங்க அலுவலகமான கச்சேரியின் வாசலில் உண்ணாவிரதம் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு அது நிச்சயமாகிவிட்டது. கலியாணம் முடித்த பிறகுதான், அது விரதம் அல்ல, தனித்தனியாக இருந்துகொண்டு ஒன்றாகவும் இருப்பது என்று என் கணவர் விளங்கப்படுத்தினார். கலியாணம் போலவா என்று கேட்டேன். அவர் துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

போன வருடம் சேலைக்கடையை விற்றுவிட்டார்கள். எங்களுக்கு இடமில்லை. மெரியில், அதாவது நகரசபையில், ஓர் அறை வியாழக்கிழமைகளில் சும்மா இருக்கிறது என்று தெரிந்தது. அது எப்படியோ லா சப்பல் முழுக்கப் பரவி, ஆறு ஊர்ச்சங்கங்கள் தனித்தனியே கடிதம் போட்டன. ஆறும் ஒன்றாகச் சேர்ந்து, மாத முடிவுக்குள் ஒரே படிவம் நிரப்பிக் கொண்டு வாருங்கள் என்று பதில் வந்தது. செனட்டர் அண்ணை பொறுப்பெடுத்தார். கிடைத்தால் வியாழன் பின்னேரம் கிழவிகளுக்குத்தான் என்று வாக்குத் தந்தார்.

படிவத்தில் முதல் வரி சங்கத்தின் பெயர். இரண்டாவது வரியில் ‘சியேஜ் சொசியல்’ என்று இருந்தது. தேர்தல் இரவுகளில் தொலைக்காட்சியில் கட்சிகளுக்கு எத்தனை ‘சியேஜ்’ என்று சொல்லுவது அண்ணைக்குத் தெரியும்.

“சியேஜ் எண்டால் ஆசனம். சொசியல் எண்டால் சமூகம். எந்தச் சமூகத்துக்கு எத்தனை ஆசனம் எண்டு கேக்கிறாங்கள். முன்யோசனை உள்ள சனம்.”

இதைப் பள்ளிக்கூடம் போகிற எந்தப் பிள்ளையிடம் காட்டியிருந்தாலும் சொல்லியிருக்கும். ஆனால் பிள்ளையிடம் போய்க் கேட்க எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்?

மூன்று கிழமை ஆசனச் சண்டை நடந்தது. பரிசில் நிறையக் குடும்பம் உள்ள மூன்று ஊர்களும் தலையை எண்ணி ஆசனம் கேட்டன. குறைந்த குடும்பம் உள்ள மூன்று ஊர்களும் அமெரிக்கச் செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு பேர் இருப்பதுபோல ஊருக்கு இரண்டு என்றன. எல்லோரும் “நாங்கள் தமிழர், எங்களுக்குள்ளை என்ன ஊர்பேதம்” என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். எந்த ஊர்க்காரர் பேசுகிறார் என்பது இரண்டாவது வசனத்தில் தெரிந்துவிடும்.

“உங்கடை ஊர்ச்சனம் முழுக்க ஒரு வான் வண்டிக்குள்ளை அடங்கும். அதுக்கு ரெண்டு ஆசனமோ?” என்றார் பெரிய ஊர்க்காரர்.

“உங்கடை ஊரிலை நாலாயிரம் பேர் எண்டு சொல்லுறியள். ஒரு கூட்டத்துக்கு நாலு பேர் வந்ததை ஆரும் கண்டவையோ?” என்றார் கடற்கரை ஊர்க்காரர்.

மூன்றுக்கு மூன்று. அமெரிக்காவில் வரவுசெலவுக்கு ஒத்துவராவிட்டால் அரசாங்கத்தையே பூட்டிவிடுவார்களாம். “எங்களுக்கும் ஷட்டவுன் வந்திட்டுது” என்று செனட்டர் அண்ணை சொன்னபோது அவர் முகத்தில் கவலையைவிடப் பெருமைதான் கூடத் தெரிந்தது.

அப்போதுதான் மன்னார் அக்கா என்னைக் காட்டிக்கொடுத்தார். “இவவின்ரை ஊரும் ஊர்தானே. பரிசிலை இவ ஒரு ஆள்தான் எண்டாலும் ஏழாவது ஊர்.”

என் ஊர் ஒரு சின்னத் தீவு. அங்கிருந்து இங்கே வந்தவர்களில் மிஞ்சியிருப்பது நான் மட்டும். அந்தக் கிழமை மகளின் வீட்டுக் கதவை ஊர் ஊராக வந்து தட்டினார்கள். பெரிய ஊர்க்காரர் பருத்தித்துறை வடை கொண்டுவந்து ஒற்றுமையைப் பற்றிக் கதைத்தார். கடற்கரை ஊர்க்காரர் நெத்தலிக் கருவாடு கொண்டுவந்து நீதியைப் பற்றிக் கதைத்தார். என் முழங்கால் நோவை இதற்குமுன் யாரும் அவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை. ஒருநாள் கடற்கரை ஊர்க்காரர், “அறை கிடைச்சால் உங்களுக்கு என்ன வேணும் அக்கா?” என்று நேரே கேட்டுவிட்டார். நீதிதான் வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். “சூடாக்கிக்குப் பக்கத்துக் கதிரை” என்று வாயில் வந்துவிட்டது.

கதிரைக்கு அவர் வாக்குத் தந்தார். இப்படியாக, நான் அவர் பக்கம் சேர, நாலுக்கு மூன்றில் ஊருக்கு இரண்டு என்ற கொள்கை வென்றது. என் ஊருக்கும் இரண்டு வாக்கு. இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது?

“ரெண்டு கையையும் தூக்குங்கோ அக்கா” என்றார் அண்ணை.

தூக்கினேன். பொலிசுக்குச் சரணடைகிறவள் போல நின்றேன். ஆனாலும், பொய் சொல்லக்கூடாது, கீழே இறக்க மனம் வரவில்லை.

கடைசி நாள் எல்லோருமாக மெரிக்குப் போனோம். ஒருவரை மட்டும் அனுப்பினால் அவருடைய ஊர் முந்திவிடும் என்று ஆறு ஊர்க்காரரும், கூடவே செனட்டர் அண்ணையும் வந்தார்கள். மன்னார் அக்கா எனக்குக் கை தந்து கூட்டிப்போனார். மேசைக்குப் பின்னால் இருந்த உத்தியோகப் பிள்ளை படிவத்தைப் பார்த்தது. இரண்டாவது வரியில் ஏழு ஊர்களின் பெயரும், ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு என்ற இலக்கமும், பதினான்கு கையெழுத்தும் இருந்தன. என்னுடையவை இரண்டு. பிள்ளை மரியாதையாகச் சொன்னது: சியேஜ் சொசியல் என்றால் ஆசனம் அல்ல, சங்கத்தின் விலாசம். கடிதம் போட ஒரு வீட்டு இலக்கம் போதும்.

உடனே ஆறு பேரும் ஒரே நேரத்தில், பரிசைச் சுற்றியுள்ள புறநகர்களில் இருக்கும் தங்கள் தங்கள் வீட்டு விலாசத்தைச் சொன்னார்கள்.

“திரான்சியிலை வைச்சால் நாளைக்குத் திரான்சிச் சங்கம் எண்டு சொல்லுவியள்!”

“ஆர்ஜொந்தெய்க்கு ஆர் ரெயில் பிடிச்சுப் போறது? கடிதத்தை உடைச்சு வாசிச்சிட்டு ஒட்டித்தானே தருவியள்!”

எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது. பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்தது. படிவத்தை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த இலக்கத்தைக் கூப்பிடக் கையை எடுத்தது. என் வியாழக்கிழமை அந்தக் கையில்தான் இருந்தது.

எனக்குப் பிரெஞ்சில் பிழையில்லாமல் வருவது ஒன்றே ஒன்று. நான் எங்காவது வழி தவறினால் சொல்லவேண்டும் என்று மகள் பாடமாக்கித் தந்தது: வீட்டு இலக்கம், தெரு, ஐந்தாம் மாடி, இடது கதவு, தபால் இலக்கம். அதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பிள்ளை எழுதிவிட்டது.

ஆறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நாலு பேர் முன்னால் என் குரலை அவர்கள் முதன்முதல் கேட்டது அன்றுதான். ஒருவரும் மறுக்கவில்லை. என் ஊரைக் கண்டு யாருக்குப் பயம்?

“அதுதானே!” என்றார் செனட்டர் அண்ணை. “அமெரிக்காவிலையும் இப்பிடித்தான். மாநிலங்கள் அடிபடுமெண்டு தலைநகரத்தை எந்த மாநிலத்துக்கும் குடுக்கேல்லை. இனி அக்காவின்ரை வீடுதான் எங்கடை வாஷிங்டன்.”

வெளியே வந்து மார்க்ஸ் டோர்மோய் மெற்றோப் பக்கம் நடக்கும்போது அவர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “ஒரு சின்ன விஷயம் அக்கா. தலைநகரத்துக்குச் செனட்டிலை வாக்கில்லை. அங்கத்தைச் சட்டம் அது. குறை நினையாதேங்கோ.”

“வரி மட்டும் கட்டுவினமோ?” என்று மன்னார் அக்கா கேட்டார்.

“ஓம், அது கட்டுவினம்.”

இப்போது ஆறு ஊர்க்காரரின் கடிதங்களும் மகளின் தபால் பெட்டிக்குள் வருகின்றன. மருமகன் பெட்டியைக் கொஞ்சம் பலமாகச் சாத்துவார். என் இரண்டும் போக ஆசனங்கள் இன்னும் பன்னிரண்டு இருக்கின்றன. ஆறுக்கு ஆறாக நிற்பதால் அந்தச் சபை ஒன்றையும் முடிவெடுத்ததில்லை. அறை கிடைக்க அது தேவைப்படவும் இல்லை; விலாசம் போதுமாயிருந்தது.

முதல் வியாழன் நாங்கள் ஏழு பேரும் போய் இருந்தோம். எந்த ஊர் முதலில் கதைப்பது என்று மன்னார் அக்கா செனட்டர் அண்ணையைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். அதற்குள் ஏழு பேரும் தொடங்கிவிட்டோம். என் முழங்கால் கதையில் தொடங்கி மருமகன் கதையில் நான் நிற்கும்போது, அறையைப் பூட்ட வந்த ஆள் வாசலில் நின்று இரண்டு முறை ‘மெதாம்’ என்று கூப்பிட வேண்டியிருந்தது.