ஒன்றரைக் கிலோ

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். முதுகுளத்தூர்ப் பக்கம் விறகை மூடி எரித்துக் கரியாக்குகிற கரிமூட்டத்தில் கூலிக்கு நின்று, பிறகு சொந்தமாக மூட்டம் போட்டு, இன்றைக்கு நாலு லாரி ஓடுகிறது. ஒரு மூடைக் கரியைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்வேன். தராசு தப்பினாலும் நான் தப்ப மாட்டேன். உச்சிப்புளிப் பக்கம் வீடு கட்டியபோது, தோப்பை ஒட்டிக் கிடந்த மணலில் செம்மண் அடித்துப் பெண்பிள்ளைகளுக்குக் கபடிக் களம் போட்டுக் கொடுத்ததும் நான்தான். இந்தக் கடற்கரையில் என்னைத் தவிர வேறு யார் செய்தார்கள்?

அந்தக் களத்தில்தான் என் பேத்தி ஆடினாள். மகன் சவுதியில் இருந்ததால் அவளும் மருமகளும் எங்களோடு இருந்தார்கள். பதினாலு வயதில் அவள் மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனால், ஏழு பேரும் பின்னால் நகர்வார்கள்.

போன வருசம் உப்பூர்ப் பக்கம் ஓர் ஊரில் போட்டி வைத்தார்கள். நாற்பத்தைந்து கிலோவுக்கு உட்பட்ட பிள்ளைகள்தான் ஆடலாம். முதல் நாள் சாயங்காலம் நிறுத்துப் பார்த்தால் பேத்தி நாற்பத்தாறரை.

பயிற்சி கொடுத்த டீச்சர், "அய்யா, இந்தத் தடவ இவள விட்ருவோம். மேல் எடைப் போட்டி வரும்போது ஆடட்டும்" என்றார்.

"கப்போட வாரேன்னு ஊர் பூராம் சொல்லிட்டேன் டீச்சர். ஒன்றரைக் கிலோ எனக்கு ஒரு எடையா? ஈரக் கரிய ரெண்டு வெயில் காயப் போட்டா மூடைக்கு எம்புட்டு எறங்கும்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"புள்ள கரி இல்லய்யா."

"ரெண்டுலயும் ஏறி எறங்குறது தண்ணிதான் டீச்சர்."

பேத்தி சிரித்தாள். "தாத்தா, என்னயவும் மூடையில கட்டி ஏத்திருவீக போல."

"ஏத்திருவேன்த்தா. லாரி நம்மளதுதான."

அவளுக்கு ஸ்வெட்டர் மாட்டி, அதற்கு மேல் மழைக்கோட்டும் மாட்டித் தோப்பைச் சுற்றி ஓடவிட்டேன். சோறு இல்லை, தண்ணீர் இல்லை. காலையிலும் ஓடவிட்டேன். மருமகள் தம்ளரோடு வந்து, "ஒரு மடக்கு மட்டும் மாமா" என்றாள். எடை போட்ட பிறகு கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டேன். போட்டி நடந்த இடத்துத் தராசில் நாற்பத்தைந்துக்கு நூறு கிராம் குறைவாக நின்றாள். சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தேன்.

வயிறு நிறையக் குடித்தால் ஓட முடியாது என்று, எடை போட்ட பிறகும் வாயை நனைக்கத்தான் விட்டேன். முதல் ஆட்டம் ஜெயித்தோம். இரண்டாவது ஆட்டம் உச்சி வெயிலில். பேத்தி பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் போனாள். பாட்டு நடுவில் நின்றது. யாரும் அவளைத் தொடவில்லை. அப்படியே மடங்கி உட்கார்ந்து, பிறகு சாய்ந்தாள்.

ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். "புள்ள கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனுச்சு?" என்று டாக்டர் கேட்டார். லாரி எந்த ஊரில் எந்த நேரத்தில் நிற்கிறது என்று தூக்கத்தில்கூடச் சொல்வேன். இதற்கு மருமகளைத் திரும்பிப் பார்த்தேன். "நேத்து மத்தியானம்" என்று மருமகள்தான் சொன்னாள்.

மூன்று நாளில் பிள்ளை தேறிவிட்டாள். ஆனால் அந்த மாதமே மருமகள் அவளைக் கூட்டிக்கொண்டு மதுரையில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போடவில்லை. "ஒங்க மேல கோவம் இல்ல மாமா. எம்புள்ளைக்கு ஒரு மடக்குத் தண்ணி குடுக்க நான் கேட்டு நிக்கிற வீட்ல அவ இருக்க வேணாம்" என்றாள்.

நான் விழுந்தால் கிடக்கிற ஆள் இல்லை. களத்தை மூடவில்லை. இப்போது அங்கே பிள்ளைகள் யாரையும் கேட்காமல் தண்ணீர் குடிக்கலாம். எடை கூடினால் மேல் எடைப் போட்டிதான். குறைக்கிற பேச்சே கிடையாது. ஒவ்வொரு பிள்ளை வீட்டிலிருந்தும் ஒருத்தர் ஓரத்தில் உட்கார வேண்டும். அவர்கள் கையைத் தூக்கினால் ஆட்டம் நிற்கும். புதுமடத்திலிருந்து வரும் ஒரு பிள்ளையின் உம்மா முதல் நாளே கையைத் தூக்கினார். "ஆட்டத்த இல்ல பெரியவரே, ஒங்க சத்தத்த நிப்பாட்டுங்க. புள்ளைக மெரளுதுக" என்றார். நிப்பாட்டினேன். என்னை நிப்பாட்டியவர் இந்த ஜில்லாவில் அவர் ஒருத்தர்தான். மற்ற ஊர்க்காரர்கள் வந்து எங்கள் முறையைப் பார்த்துப் போகிறார்கள்.

பார்த்துப் போகட்டும். சாயங்காலம் பன்னிரண்டு பிள்ளைகள் ஆடுகிறார்கள், எனக்குக் கண் நிறையவில்லை.

மதுரைப் பள்ளிக்கூடத்திலும் அவள் ஆடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவாள். போன மாதம் அங்கே ஒரு போட்டி இருப்பதாகச் சொன்னாள்.

"தாத்தா வரட்டுமாத்தா? ஓரமா ஒக்காந்துட்டு வந்துர்றேன்."

"வேணாம் தாத்தா."

"ஏந்தாயி?"

"நீங்க இருந்தீகன்னா எனக்குத் தாகமா இருந்தாலும் கேக்க மாட்டேன் தாத்தா. எனக்கே தெரியும்."

போக நினைத்த இடத்துக்கு நான் போகாமல் இருந்ததே கிடையாது. அன்றைக்குப் போகவில்லை. நாலு மணிக்கு ஆட்டம் என்று தெரியும். ஐந்தரை மணிக்கு மருமகள் கூப்பிட்டாள். "தோத்துட்டாக மாமா. நல்லாத்தான் ஆடுனா. இப்ப கூட்டாளிகளோட கரும்புச்சாறு குடிச்சுக்கிட்டு இருக்கா."

"குடிக்கட்டும்த்தா" என்றேன்.

அவளும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் பிள்ளைகள் ஒரே சிரிப்பும் கூச்சலுமாக இருந்தார்கள். அதில் எது என் பேத்தியின் சத்தம் என்று பிரித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. காதை விட்டு எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.